நன்றிப் பாட்டிலும் மூன்று ஏஞ்சல்களும்

குமாசி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

ஹாம்பர்க்கில் உட்கார்ந்துகொண்டே குமாசியில் இருக்கும் என் தூக்கத்தைக் கெடுக்கும் வல்லமை படைத்த அன்பு மருமகன் குவாபெனாவுக்கு, தாய்மாமன் யாவ் டார்க்வா ஆசி கூறி எழுதுவது.

இங்கு நான், உன் அத்தை செர்வா, உன் அம்மா, உன் தங்கை அஃப்ரியே, வீட்டு ஆடுகள் உட்பட அனைவரும் சுகம். அங்கே உன் சுகமும் உன் முழங்கால் வலியின் சுகமும் அறிய ஆவல். இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய். இந்த விஷயத்தில் நடுவில் யாரும் பேசக்கூடாது என்பதால் காகிதத்தை எடுத்தேன்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். புதுத் தொழிலுக்குத் தங்கள் கைக்காசைப் போடும் உன் ஏஞ்சல் முதலீட்டாளர்கள் மூவரும் இன்று மதிய விமானத்தில் ஊர் திரும்புகிறார்கள். அப்பாடா. அஃப்ரியேயின் குளிர் அறை பிழைத்துவிட்டது. இதற்கு மேல் படிக்க நேரமில்லை என்றால் இத்தோடு நிறுத்திக்கொள். ஆனால் உனக்கு என் மேல் கொஞ்சமாவது மரியாதை இருந்தால் மிச்சத்தையும் படி, ஏனென்றால் நான் பட்டது உனக்குத் தெரிய வேண்டும்.

நீ என்ன சொன்னாய்? "மாமா, ஜெர்மனியில ஆள் இருக்கு, நைரோபியில ஆள் இருக்கு, டென்மார்க்ல ஆள் இருக்கு, எல்லாரையும் கோத்து ஒரு வலை பின்னிட்டேன், புதுசா தொழில் தொடங்குற பிள்ளைகளுக்குக் கை கொடுக்கப் போறோம், குமாசியில மட்டும் ஆள் இல்ல, நீங்க வர்றவங்களுக்குத் தண்ணி குடுத்து உக்கார வெச்சா போதும்" என்றாய். தண்ணீர் கொடுப்பதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நானும் சரி என்றேன். அதுவும் அஃப்ரியே இருந்த நிலையில் வேறு என்ன சொல்ல முடியும்? தக்காளி கெடாமல் வைக்க அவள் சந்தைக்குப் பக்கத்தில் சூரிய வெளிச்சத்தில் ஓட்டும் அந்தக் குளிர் அறையை, இந்த மாதமும் தவணை கட்டாமல் போனால் கம்பெனிக்காரன் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். அது போனால் பிள்ளை பழையபடி வங்கியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார வேண்டியதுதான். சோறு இறங்காமல் பாதியாக இளைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்து இறங்கினார்கள். உன் ஹாம்பர்க் ஹைக்கே அம்மையார், நைரோபி முட்டுவா, அப்புறம் அந்த டென்மார்க்காரர். அவர் பெயரைச் சொல்ல நான் எடுத்த முயற்சிகளை உன் அத்தை இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள், ஆகவே டென்மார்க்காரர் என்றே எழுதுகிறேன். உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்கள். முறைப்படி, என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேட்டேன். "முதலீடு பண்ண வந்தோம்" என்று முட்டுவா முடித்துவிட்டார். வீட்டு வாசல் மிதித்தவன் வழிப்பயணத்தை ஒழுங்காகச் சொல்லாமல் இப்படி வெட்டி விட்டால் எப்படி? புறப்பட்டதிலிருந்து சொல்லுங்கள் என்றேன். ஹைக்கே அம்மையார் பாவம், நல்ல மனுஷி, நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, ஹாம்பர்க்கில் தன் பூனையைப் பக்கத்து வீட்டில் விட்டதிலிருந்து ஆரம்பித்துவிட்டார். பூனை கதையே மத்தியானம் வரை போயிற்று. அஃப்ரியே மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்கப் பயிற்சி எடுத்து வைத்திருந்த பேச்சு, மூலையில் நின்றுகொண்டு இருந்தது.

சாப்பாட்டிலாவது நிம்மதி உண்டா? ஃபூஃபூக் களியை மெல்லாமல் அப்படியே விழுங்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால் டென்மார்க்காரர் ஒவ்வொரு கவளமாகக் கடித்து மென்றார். வாயைத் திறக்க முடியவில்லை. மரியாதைக்காரர், துப்பவும் இல்லை. குழம்பின் மிளகாய் வேறு தலைக்கு ஏறி, ஏஞ்சல் எங்கள் கழிப்பறைக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தார். சாயங்காலம் ஒருவழியாக அஃப்ரியே எழுந்து பேச ஆரம்பித்தாளோ இல்லையோ, மின்சாரம் போயிற்று. திரையில் படம் போயிற்று. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் முழங்க ஆரம்பித்தது. பிள்ளை அந்தச் சத்தத்துக்கு மேல் தொண்டை கிழியக் கத்தி, தக்காளியைப் பற்றி யாரோடோ சண்டை போடுகிறவள் மாதிரி பேசி முடித்தாள். இந்த அழகில் சந்தையின் தக்காளி ராணி நானா போக்குவா வந்து நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். நம் ஊர் சந்தையில் அவர் சம்மதம் இல்லாமல் ஒரு தக்காளி உருளாது, உனக்குத் தெரியும். அவருக்கு ஹைக்கே அம்மையார் தன் பெயர் அட்டையை நீட்டினார், இடது கையால். நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அட்டையைப் பிடுங்கிக் கீழே போட்டு, எடுத்து, துடைத்து, வலது கையால் கொடுத்து நிலைமையைச் சமாளித்தேன். இத்தனை காலம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தது அன்றைக்குத்தான் பயன்பட்டது.

கடைசியில் ஹைக்கே அம்மையார் எழுந்து, எல்லாம் மிகவும் சுவாரசியமாக இருக்கிறது, தொடர்பில் இருப்போம் என்று சொல்லிக் கும்பிடாத குறையாக விடைபெற்றார். அஃப்ரியே முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன். நானா போக்குவா என்னை அருகே கூப்பிட்டார்.

"வேண்டாம்னு சொன்னாங்களா?"

"இல்லம்மா."

"தண்ணி குடிச்சாங்க, சாப்பிட்டாங்க, சொன்னதைக் கடைசி வரைக்கும் கேட்டாங்க. வேண்டாம்னு சொல்லல. அப்புறம் என்ன, விடிஞ்சதும் நன்றி சொல்லப் போயிடுவோம்."

எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை. ஒருவர் நல்லது செய்தால் மறுநாள் விடியலில் போய் நன்றி சொல்லாதவன் மனுஷனா? ஹாம்பர்க் குளிரில் உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்: சாட்சிகள் முன்னிலையில் ஷ்னாப்ஸ் மதுவை நன்றிப் பாட்டிலாகக் கொடுத்து, உதவியவர்கள் அதை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டால், அவர்கள் கொடுத்தது கொடுத்ததுதான். பிறகு மாற்றிப் பேச முடியாது. எத்தனை நில வழக்குகளில் இந்த வாக்கியத்தை நானே மொழிபெயர்த்திருக்கிறேன்!

சனிக்கிழமை விடியலில் ஓட்டல் வாசலில் நாங்கள் நின்றோம். நாங்கள் என்றால் நானும் நானாவும் மட்டும் என்று நினைக்காதே. சந்தைப் பெண்கள் அத்தனை பேரும், ஆளுக்கொரு தக்காளிக் கூடை தலையில். காவல்காரன் எங்களை ஊர்வலம் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டான். ஏஞ்சல்கள் மூவரும் இரவு உடையோடு இறங்கி வந்தார்கள். டென்மார்க்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் முறைப்படி தொண்டையைச் செருமி, அவர்கள் செய்த பெரிய உதவிக்கு நன்றி சொல்லி ஒரு பேச்சுப் பேசினேன். நல்ல பேச்சு. முடித்ததும் முட்டுவா என் முழங்கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"ஐயா, எங்க தொழில்ல சுவாரசியமா இருக்குன்னு சொன்னா வேண்டாம்னு அர்த்தம். உங்க பொண்ணுக்குப் புரிஞ்சிடுச்சுன்னு நெனச்சோம்."

மருமகனே, அப்போதுதான் புரிந்தது, அந்தப் பிள்ளை எதற்கு அழுதுகொண்டு உள்ளே ஓடியது என்று. கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்காமல் நான் பாட்டில் வாங்கப் போயிருக்கிறேன். இத்தனை பேர் முன்னிலையில் இல்லாத உதவிக்கு நன்றி சொல்லியாகிவிட்டது. இனி அவள் இந்த ஊர் சந்தையில் எப்படித் தலைகாட்டுவாள்? என் அக்கா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? இதையெல்லாம் நினைத்துக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். நானா போக்குவா கிளாஸை நீட்டிக்கொண்டிருந்தார். ஹைக்கே அம்மையார், முந்தின நாள் கற்ற பாடம், வலது கையால் அழகாக வாங்கி, ஒரே மடக்காகக் குடித்து முடித்தார். பெண்கள் குலவையிட்டார்கள்.

"அந்தம்மா குடிச்சிட்டாங்க" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் சொன்னேன். முட்டுவா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு நடந்ததுதான் முக்கியம். ஹைக்கே அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு (ஷ்னாப்ஸ் கொஞ்சம் காரம்) இந்தப் பெண்கள் எல்லாம் யார், எதற்கு நன்றி என்று கேட்டார். நானாவின் பதிலை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

"முன்னாடி சாயங்காலம் ஆனா பாதிக் கூடையைக் குப்பையில கொட்டிட்டு வீட்டுக்குப் போவோம். இப்ப அஃப்ரியே ரூம்ல வெச்சுட்டு நிம்மதியா போறோம். அதை நிக்க வைக்க வந்தீங்களே, அதுக்குத்தான்."

அம்மையார் இரவு உடையோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நேற்று அந்தப் பெண் வாடிக்கையாளர்கள் என்று திரையில் ஏதோ கோடுகள் காட்டினாளே, மின்சாரம் போவதற்கு முன்னால், அது இவர்களா என்று கேட்டார். இவர்களேதான் என்றேன். அவர் டென்மார்க்காரரைப் பார்த்தார், டென்மார்க்காரர் முட்டுவாவைப் பார்த்தார். உடை மாற்றிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிவிட்டார்கள். குளிர் அறைக்குள் போய்க் கூடை கூடையாகத் திறந்து பார்த்து, பெண்களிடம் ஆயிரம் கேள்வி கேட்டு, நான் தண்ணீர் கூடக் குடிக்காமல் மொழிபெயர்த்து, மத்தியானம் அஃப்ரியேயை வரவழைத்து, பணம் போடுவதாகக் கை கொடுத்துவிட்டார்கள். கண் வீங்கிப் போய் வந்த பிள்ளை, விஷயம் தெரிந்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை ஆனந்தக் கண்ணீர்தானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். நேற்று இரவு இரண்டு தட்டு சாப்பிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஒரே ஒரு சில்லறை விஷயம். நாங்கள் எல்லாம் தூரத்தில் இருக்கிறோம், வலையில் குமாசி முடிச்சாக நீங்களே இருந்து, இங்குள்ள பெரிய மனிதர்களையும் முதலீட்டாளர்களாகச் சேர்த்து, மற்ற ஊர்க் கூட்டங்களுக்கும் வர வேண்டும் என்று மூவரும் என்னைக் கேட்டார்கள். நேரடியாக மறுப்பது மரியாதை இல்லை அல்லவா? பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேண்டாம் என்பதுதான் அதன் பொருள், நீ பக்குவமாக அவர்களுக்குச் சொல்லிவிடு. என் பொறுப்பு இத்தோடு தீர்ந்தது. இனி நாற்காலியை மாமரத்தடியில் போட்டுக்கொண்டு, யாருக்கும் எதையும் மொழிபெயர்க்காமல் கிடப்பேன்.

உனக்கு நீண்ட ஆயுளும், நல்ல முழங்காலும், மாமனைத் தொந்தரவு செய்யாத மனமும் ஆண்டவர் அருளட்டும். உன் அத்தை கருவாட்டுப் பொட்டலம் அனுப்புகிறாள்.

இப்படிக்கு,
இன்று முதல் நிரந்தர ஓய்வில் இருக்கும் உன் தாய்மாமன்,
யாவ் டார்க்வா.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் கார் நின்றது. விமானத்துக்குப் போகும் வழியில் விடைபெற வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கூடவே நானா போக்குவாவும் சந்தைப் பெண்களும் ஏன் வந்தார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். ஹைக்கே அம்மையார் தொண்டையைச் செருமி ஒரு சின்னப் பேச்சுப் பேசினார். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் பாதி கேட்கவில்லை. விருந்தாளி வலது கையால் கிளாஸை நீட்டினால் வாங்காமல் இருக்க முடியுமா? வாங்கினேன், குடித்தேன், குலவையிட்டார்கள். முட்டுவா என் காதோரம் வந்து, "ஐயா, நேத்து எங்க வேண்டுகோளை நீங்க மறுக்கல, அதுக்குத்தான் நன்றி சொல்ல வந்தோம்" என்றார். சாட்சி உன் அத்தை. அடுத்த கூட்டம் டென்மார்க்கிலாம். அங்கே குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவர்களிடம் சொல்லிவிடு. வேண்டாம், சொல்லாதே. நல்ல கம்பளிச் சட்டையாக ஒன்று வாங்கி அனுப்பு, கை கொஞ்சம் நீளமாக இருக்கட்டும்.