தேய்மான டப்பாவும் நித்யஸ்ரீயின் இண்டர்வியூவும்

வேலம்பாளையம்,
புதன்கிழமை காலை.

மரியாதைக்குரிய மச்சான் கிட்டுசாமி அவர்களுக்கு, ராசப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். நம் நிட்டிங் மெஷின் நான்கில் மூன்று நலம். நான்காவது ஊசி உடைந்து மெக்கானிக்கின் வரவை எதிர்பார்த்திருக்கிறது. மடத்துக்குளத்தில் தாங்களும் அக்காவும் தென்னந்தோப்பும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் "செரி உடுங்க மாப்பிள்ள" என்று வைத்துவிடுவீர்கள். வாட்ஸப் குரூப்பில் போட்டால் பதினாறு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள், ஒருவரும் படிக்கமாட்டார்கள். ஆகவே தேங்காய் லோடு ஏற்ற உங்கள் பக்கம் வரும் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் நம் பெண் நித்யஸ்ரீயின் இண்டர்வியூ. முதலிபாளையத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஃபைனான்ஸ் வேலை. இது மூன்றாவது இண்டர்வியூ என்பது உங்களுக்குத் தெரியும். முதல் இரண்டிலும் ஒரு பதில் தப்பாகப் போனதும் பிள்ளை வாயடைத்துப்போய், அதற்கு மேல் தன் பெயரைக் கேட்டாலும் யோசிக்கிற நிலைக்கு வந்துவிட்டாள். இதுவும் தவறினால் நம் யூனிட்டிலேயே உட்கார்ந்து பில் போடுகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்ட நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. எம்.காம். படித்த பிள்ளைக்கு என் யூனிட் ஆபீஸ் ஒரு தண்டனை மாதிரி இருக்கிறதே என்று எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் அவள் சாப்பிடாமல் இருப்பது அதைவிட வருத்தம்.

திங்கட்கிழமை என் வண்டியில்தான் கூட்டிப்போனேன். அங்கே அபிராமி என்ற மேனேஜர் அம்மா கேட்ட கேள்வி இது: மெஷினுக்குத் தேய்மானம் பத்து ரூபாய் கூடினால், கம்பெனிக் கையிருப்புக் காசு என்ன ஆகும்? நித்யா கொஞ்சமும் தயங்காமல், பத்து ரூபாய் குறையும் என்றிருக்கிறாள். அது எங்கே போகும் என்று கேட்டிருக்கிறார்கள். "டப்பாவுக்குப் போகுமுங்க" என்றிருக்கிறாள். எதிரே இருந்த மூன்று பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்களாம்.

மச்சான், இதில் பிள்ளை மேல் குற்றமில்லை, குற்றம் என்னுடையது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நம் பழைய மெஷின் படுத்துவிட்டது, புதிது வாங்கக் கையில் காசில்லாமல் நான் அலைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மெஷின் பழசாகி மதிப்புக் குறைவதை ஆடிட்டர் வருஷா வருஷம் நோட்டில் தேய்மானம் என்று எழுதிக்கொண்டுதான் இருந்தார். எழுதினால் மெஷின் வருமா, காசாகப் போட்டால்தான் வரும் என்று முடிவு கட்டி, அன்று முதல் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டுக் கும்பிட்டு, மெஷினுக்கு இருநூறு ரூபாய் வீதம் ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டு வருகிறேன். பிள்ளை கையால் போட்டால் ராசி என்று எட்டு வயதிலிருந்து அவள் கையால்தான் போடுகிறோம். எவ்வளவு படித்தாலும் கை பழகியதைத்தானே வாய் சொல்லும்?

அதன் பிறகு தானே சுதாரித்துத் திருத்திச் சொன்னதாகச் சொன்னாள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "நான் தப்பாச் சொல்லிட்டனுங்க, அது எங்க ஊட்டுப் பழக்கமுங்க" என்று ஆரம்பித்தாளாம். தேய்மானத்துக்காகக் காசு வெளியே போகாது, லாபம்தான் குறையும். லாபம் குறைவதால் வரி குறையும். அந்த வரி அளவுக்குக் கையில் காசு கூடத்தான் செய்யும் என்றாளாம். எப்படியம்மா சட்டென்று ஞாபகம் வந்தது என்று கேட்டேன். "டப்பாவை நினைச்சுப் பார்த்தனுங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அந்தத் திருத்தமெல்லாம் மனதில் ஏறவில்லை. என் டப்பாவால் பிள்ளையின் வேலை போயிற்று என்பது மட்டும்தான் ஏறியது. ராத்திரி தூக்கமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை யாரிடமும் சொல்லாமல் டப்பாவை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு முதலிபாளையம் போனேன். கேட்டில் பாண்டித்துரை என்ற வாட்ச்மேன், பையில் என்ன என்று கேட்டார். தேய்மானம் என்றேன். அவர் ரிஜிஸ்டரில் அப்படியே எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். அபிராமி அம்மா மரியாதையாக உட்காரச் சொன்னார்கள். பிள்ளை கற்பனையாகச் சொல்லவில்லை, டப்பா நிஜமாகவே இருக்கிறது, எங்கள் வீட்டில் தேய்மானத்துக்குக் காசு வெளியே போகத்தான் செய்கிறது என்று பதினைந்து வருஷக் கதையையும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, அதைக் கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்" என்றார்கள்.

திறந்தேன். உள்ளே காசில்லை மச்சான். அத்தனையும் சீட்டு. அவசரத்துக்கு எடுத்தால் சீட்டு எழுதிவைக்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். சாயப்பட்டறை டையிங் பில்லுக்கு, கரண்ட் பில்லுக்கு என்று நான் எடுத்தது எனக்குத் தெரியும். மேலாக இருப்பதை எடுப்பேன், அடியில் நிறையக் கிடக்கும் என்று ஒரு நம்பிக்கை. உங்கள் தங்கையும் அதே நம்பிக்கையில் எடுத்திருக்கிறாள். போர்வெல் மோட்டார் என்று உங்கள் கையெழுத்திலும் ஒன்று இருந்தது. அதை அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை. கடைசியில் ஆடிட்டர் நோட்டில் எழுதியதும் நான் டப்பாவில் வைத்திருந்ததும் ஒன்றுதான், இரண்டும் வெறும் காகிதம். அந்த அம்மா கம்ப்யூட்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் எதையோ தேடினார்கள். பிறகு, "உங்க பொண்ணு உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா ஐயா?" என்று கேட்டார்கள். அதற்கு மேல் அங்கே இருக்க எனக்கு முகமில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் நித்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். ரூமுக்குள் போனவள் இன்னும் என்னோடு பேசவில்லை. ஆகவே தாய்மாமன் என்ற முறையில் தாங்கள் ஞாயிற்றுக்கிழமை அவசியம் வர வேண்டும். வேலை போனது போகட்டும், யூனிட் ஆபீசுக்கு ஏசி போட்டுத் தருகிறேன் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லி, பிள்ளையை ஒரு வாய் சாப்பிட வைக்க வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம். தோப்புக்கு நல்ல மழையும் தேங்காய்க்கு நல்ல விலையும் கிடைக்க அவிநாசியப்பன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை
ராசப்பன்

பின்குறிப்பு: மத்தியானம் எழுதுவது. டிரைவர் இன்னும் வரவில்லை. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். நித்யாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சாயங்காலமே, அதாவது நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முந்தைய நாளே, மெயில் வந்துவிட்டதாம். போன தடவை இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னதற்கே, வேலையே கிடைத்துவிட்டதாக நீங்கள் மடத்துக்குளம் முழுக்கச் சொல்லிவிட்டீர்கள். அதனால் வேலை ஆர்டர் கைக்கு வரும்வரை பேசாமல் இருந்தாளாம். அது இன்று காலை வந்துவிட்டது. டப்பாவில் சீட்டுதான் இருக்கிறது, தேய்மானத்துக்கென்று காசு எங்கும் போகவில்லை என்பதையும் இண்டர்வியூவிலேயே சொல்லித்தான் பதிலைத் திருத்தினாளாம். பரீட்சை ஃபீஸ் கட்ட டப்பாவைத் திறந்தபோதே பார்த்துவிட்டாளாம்; அதற்கு ஆறு வருஷம் ஆகிறது. தெரிந்துமா மாதாமாதம் போட்டாய் என்று கேட்டேன். "நீங்க கண்ணை மூடிக் கும்பிட்டுட்டு நிப்பீங்கப்பா. அப்பப் போயி எப்படிங்க சொல்றது?" என்றாள். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். டப்பாவை அபிராமி அம்மாவின் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். போய்க் கேட்கக் கூடாது என்று பிள்ளை உத்தரவு. இனிமேல் பேங்கில் போடுங்கள் என்கிறாள். சரி என்று சொல்லியிருக்கிறேன். முதல் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் மூடி இறுக்கமான டப்பா ஏதாவது சும்மா கிடந்தால் இதே டிரைவரிடம் கொடுத்துவிடவும்.