நாங்கள் பால் காய்ச்சிய வில்லா

எனக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வராது. திக்குவாய் எல்லாம் கிடையாது, மற்ற வார்த்தைகள் தாராளமாகவே வரும் (தாராளத்துக்கும் மேலே என்பார் என் கணவர்). ஆனால் எதிரில் ஒருத்தர் சிரித்துக்கொண்டே எதையாவது நீட்டிவிட்டால் போதும், தொண்டை அடைத்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்க்கும், தலை தானாக ஆடிவிடும். ஜவுளிக் கடையில் நாலு புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டால், அத்தனையையும் திரும்ப மடிக்க வேண்டுமே, மனசுக்குள் திட்டுவார்களே என்ற பயத்திலேயே ஒன்றை வாங்கிவிடுவேன். பீரோவைத் திறந்தால் பிடிக்காத புடவைகளாகவே இருக்கும்.

இப்படிப்பட்ட என்னைத்தான் ஒரு வெள்ளிக்கிழமை, சிதம்பரத்தைத் தாண்டி உப்பங்கழி ஓரம் இருக்கிற ஒரு சொகுசு விடுதிக்கு, புதிதாகக் கட்டிய வில்லாவை விலை பேசிப் பார்க்க அழைத்துப் போனார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு போனேன்.

என் கணவர் செந்தில் கடலூரில் பிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறார். அந்த விடுதிக்குப் பேனர் அடித்துக் கொடுத்ததே அவர்தான். அங்கேதான் வினை ஆரம்பித்தது. நீச்சல் குளத்துத் தண்ணீர் படத்தில் கொஞ்சம் கலங்கலாகத் தெரிகிறது என்று கம்ப்யூட்டரில் நீலத்தைக் கூட்டியவரும் இவரே. தென்னை மரத்துக்குப் பச்சை ஏற்றியவரும் இவரே. கடைசியில் அந்த நீலத்தையும் பச்சையையும் பார்த்து மயங்கி விழுந்தவரும் இவரே. உலகத்தில் தான் அடித்த பேனரைத் தானே நம்பியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருத்தர்தான்.

"சொந்தமா நீச்சல் கொளம் வச்ச வில்லா, கலா. வருசத்துல ஒரு வாரம் நம்மளுது. இருவத்தஞ்சு வருசத்துக்கு. ஒரு தடவ காசு கட்டுனா போதும்" என்றார்.

"காசுக்கு?"

"அதான் குறிஞ்சிப்பாடி மனை சும்மாதானே கெடக்குது."

குறிஞ்சிப்பாடி மனை என் அப்பா எனக்குக் கல்யாணத்துக்குக் கொடுத்தது. என் பேரில் இருக்கிறது. கடலூரில் ஒரு படுக்கையறை வாடகை வீட்டில், மழை பெய்தால் வாசல்வரை தண்ணீர் வருகிற தெருவில் குடியிருந்துகொண்டு, என்றைக்காவது அந்த மனையில் ஒரு வீடு கட்டிவிடுவோம் என்ற ஒரே நினைப்பில் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அதை விற்க என் கையெழுத்து வேண்டும். 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்த ஒரு வார்த்தைதான் என்னிடம் இல்லையே!

ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு ஒரு வாரம் என்றால் இருபத்தைந்து வருஷத்துக்கு இருபத்தைந்து வாரம். மொத்தமாகச் சேர்த்தாலும் ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு மனையை முழுசாகக் கொடுத்துவிட்டு அரை வருஷத்துக்கும் குறைவாக ஒரு வீடு! எழுந்து உட்கார்ந்து அவரை எழுப்பிச் சொல்ல வேண்டியதுதானே? எழுப்பினேன். "இன்னா?" என்றார். "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

கோழைகளுக்குத் தந்திரம் ஜாஸ்தி. என் மாமியாரைக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன்.

அத்தைக்கு மூன்று பிள்ளைகள். மாமா போனபிறகு மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, பெரியவர் வீட்டில் ஒரு மாதம், நடுவுள்ளவர் வீட்டில் ஒரு மாதம், எங்கள் வீட்டில் ஒரு மாதம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். எங்களிடம் வந்தால் ஹாலில் டிவிக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வார். அத்தையின் சிறப்பு என்னவென்றால் எந்த வீடும் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் வாடகைக்குப் பார்த்த வீடுகளில் பாதியை 'சமையக்கட்டு தப்பான மூலையில இருக்குது', 'வாசல்ல நிக்கும்போதே மூச்சு முட்டுது' என்று தட்டிவிட்டவர் அவர். அவர் 'வாணாம்' என்று சொல்லிவிட்டால் செந்திலும் அடங்கிவிடுவார், என் வாயும் தப்பித்துவிடும்.

போன் போட்டேன். "அத்த, புது வீடு ஒண்ணு பாக்கப் போறோம். நீங்க வந்து பாத்துச் சொன்னாத்தான் சரியா இருக்கும்." வாரக் கணக்கையெல்லாம் விளக்கப் பயந்துகொண்டு அதோடு நிறுத்திவிட்டேன்.

அத்தை அந்த மாதம் குமராட்சியில் பெரியவர் வீட்டில் இருந்தார். மினி பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்து, கையில் பெரிய பையோடு பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்றிருந்தார். பை கனத்தது. கத்திரிக்காய் கொண்டுவந்திருப்பார் என்று நினைத்து எங்கள் கார் டிக்கியில் வைத்தேன்.

விடுதி வாசலிலேயே டை கட்டிய ஒரு தம்பி கைகூப்பிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்ததுமே நான் செந்திலின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவ்வளவு அழகாகச் சிரித்தார் பாவி! "வாங்க மேடம்" என்று இளநீர் கொடுத்தார். குடித்தேன். மல்லிகைச் சரம் கொடுத்தார். வைத்துக்கொண்டேன். ஒரு தட்டில் கேக் வந்தது. ஒவ்வொன்றையும் வாங்க வாங்க, கையெழுத்துப் போடாமல் இந்த இடத்தை விட்டு வெளியே போக முடியாது என்ற பயம் நெஞ்சுக்குழியில் ஏறிக்கொண்டே இருந்தது. இருந்தும் கேக்கை மிச்சம் வைக்கவில்லை. மிச்சம் வைத்தால் அந்தத் தம்பி வருத்தப்படுவாரே!

வில்லாவைத் திறந்து காட்டினார். என்ன சொல்ல, வில்லா அப்படி இருந்தது. நான் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார். சுவரைத் தட்டிப் பார்த்தார். சமையலறையில் நின்று கிழக்கு எது என்று கேட்டார். நீச்சல் குளத்தைப் பார்த்து, "ஈசானிய மூலையில தண்ணி" என்றார். ஈசானியத்தில் தண்ணீர் இருந்தால் விசேஷம் என்பது எனக்கே தெரியும்.

"தெய்வமே வந்து பிளான் போட்ட மாதிரி இருக்குது. இத உட்டுடாதீங்க" என்றார் அத்தை.

போச்சு! வாழ்நாளில் ஒரு வீட்டையும் பாராட்டாத மனுஷி, என்னைக் காப்பாற்ற வேண்டிய அன்றைக்கா பாராட்ட வேண்டும்?

டைக்காரர் பூரித்துப்போய், "சார், நாம குளத்தாண்ட உக்காந்து பிளான் பேசிடலாம்" என்று செந்திலைத் தள்ளிக்கொண்டு போனார். நானும் அத்தையும் உள்ளே. அத்தை ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கலா, இதுல எனக்கு எந்த ரூமு?"

பயத்தில் ஏதோ ஒரு கதவைக் காட்டினேன். அத்தை அந்தக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் "வண்டில இருக்கற பைய எடுத்தினு வா" என்றார்.

செந்திலிடம் சாவி வாங்கி, பையை எடுத்து, சாவியை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். பையில் கத்திரிக்காய் இல்லை. புதுப் பித்தளைப் பானை, பால் பாக்கெட், மஞ்சள், குங்குமம், சூடம், வெல்லம். அடியில் அவருடைய மாற்றுப் புடவைகள் மடித்து வைத்திருந்தன.

"நல்ல நாளு. மொதமொதல்ல அடியெடுத்து வச்சிருக்கோம். பால காய்ச்சிடு."

"அத்த, இன்னும் வாங்கலயே..." என்றேன். என் வாயிலிருந்து வந்ததிலேயே வீரமான வாக்கியம் அன்றைக்கு அதுதான்.

"வாங்கத்தானே போறோம்? நீதான் வீட்டுக்கு வெளக்கேத்தறவ. உன் கையாலதான் காய்ச்சணும்."

தலை ஆடிவிட்டது.

அங்கே இருந்தது இண்டக்ஷன் அடுப்பு. பித்தளைப் பானையை வைத்தால் கீ கீ என்று கத்தியதே தவிர சூடு ஏறவில்லை. அத்தை அதற்கெல்லாம் அசருகிற ஆளா? வெளியே பூச்செடியைச் சுற்றி வெள்ளை அடித்து அழகுக்கு வைத்திருந்த கற்களில் மூன்றைப் பெயர்த்து எடுத்துவந்தார். தோட்டத்தில் கிடந்த காய்ந்த தென்னம்பாளையை முறித்துக்கொண்டு வந்தார். ஹாலின் அக்னி மூலையில், கண்ணாடி மாதிரி இருந்த தரையில், கல் அடுப்புக் கூட்டியாகிவிட்டது. சூடத்தைக் கொளுத்தியவள் நான். பாளை பற்றாமல் புகைய, விசிறிவிட எதுவும் கிடைக்காமல், வில்லாவின் விலைப் பட்டியல் போட்ட பளபள புத்தகத்தை எடுத்து விசிறியவளும் நான்தான். கை விசிறிக்கொண்டிருந்தது. மனசு, 'யாராவது வந்துவிடுங்களேன், யாரும் வந்துவிடாதீர்களேன்' என்று இரண்டையும் சேர்த்து வேண்டிக்கொண்டிருந்தது.

பால் நுரைகட்டி மேலே வந்தது. கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. "பொங்கிடுச்சு!" என்று அத்தை கை தட்டிய அதே நொடியில், கூரையில் இருந்த ஏதோ ஒன்று 'ஊ...' என்று ஊளையிட ஆரம்பித்தது. நான் அலறிய அலறலில் ஊளை அமுங்கிப்போனது என்று செந்தில் இப்போதும் சொல்வார்.

அடுத்து ஒரு செக்யூரிட்டி தீயணைக்கிற சிவப்பு சிலிண்டரோடு ஓடிவந்தார். அதை முன்னே பின்னே உபயோகித்தவர் இல்லை போலிருக்கிறது. அடுப்பைத் தவிர எல்லார் மேலும் வெள்ளைப் பொடியை அடித்தார். புகை அடங்கியபோது நான், அத்தை, ஓடிவந்த செந்தில், டைக்காரர் எல்லாரும் மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் மாதிரி வெள்ளை வெளேரென்று நின்றோம். போலீஸ் வரும், அபராதம் கேட்பார்கள், அதற்காகவே மனையை எழுதி வாங்கிக்கொள்வார்கள் என்று வரிசையாகத் தோன்றியது.

டைக்காரர் முகத்தைத் துடைத்தார். பானையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் அந்தச் சிரிப்பு!

"மேடம், பாலே பொங்கிடுச்சு. இதுக்கு மேல சகுனம் வேணுமா? இனிமே இது உங்க வீடு" என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார். எங்கே போனாலும் விடமாட்டார் போலிருந்தது.

அப்போதுதான் வாசலில், "யார்ங்க நீங்கள்லாம்?" என்று ஒரு குரல் கேட்டது. பெட்டி படுக்கையோடு ஒருவர், மனைவி மக்களோடு நின்றிருந்தார். மங்கலம்பேட்டையில் முந்திரி வியாபாரமாம். "என் வில்லாவுல யார் பால் காய்ச்சறது? இந்த வாரம் எங்க வாரம்ங்க! பொங்கலுக்குக் கேட்டேன், சீசன், முன்கூட்டியே புக் பண்ணணும்னு சொல்லி இந்த வாரத்தத் தலைல கட்டுனாங்க. அதுலயும் இப்புடியா?"

"வாரமா?" என்றார் அத்தை.

டைக்காரர் குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினார். "ஆமாம்மா. ஒரு வாரம் இவுங்க இருப்பாங்க. ஒரு வாரம் நீங்க. அப்பறம் வேற ஃபேமிலி. மொற வச்சு எல்லாருக்கும் சொந்தம்."

அத்தையின் முகத்தில் வெள்ளைப் பொடி அப்பியிருந்ததால் என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை. அப்புறம் பிள்ளையைப் பார்த்துத் திரும்பினார்.

"டேய் செந்திலு. பெரியவன் வீட்ல ஒரு மாசம், நடுலவன் வீட்ல ஒரு மாசம், உன் வீட்ல ஒரு மாசம்னு நான் பையத் தூக்கினு அலையறனே, அது பத்தாதா? நீ வேற காசு குடுத்து அலையணுமா?"

செந்தில் தலையைக் குனிந்தவர் நிமிரவில்லை. எனக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷமாக அந்த முறையை நியாயமான ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எந்த ரூமு என்று அவர் கேட்டதும், பைக்கு அடியில் இருந்த புடவைகளும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன.

டைக்காரர் விடவில்லை. "மேடம், மனை உங்க பேர்லதான்னு சார் சொன்னாரே? முடிவ நீங்க சொல்லுங்க."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். 'வேண்டாம்' வரவில்லை. சத்தியமாக வரவில்லை. பதிலுக்கு நான் குனிந்து, சுடச்சுட இருந்த பித்தளைப் பானையைப் புடவைத் தலைப்பால் பிடித்துத் தூக்கிப்போய், மங்கலம்பேட்டைக்காரர் மனைவியின் கையில் திணித்தேன்.

"உங்க வீட்டுப் பாலுங்க. நீங்களே வச்சுக்குங்க."

ஒரு கையில் அத்தையின் பையையும் மறு கையில் அத்தையையும் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டம். செருப்பைக்கூடப் போடவில்லை. கார் சாவி செந்திலிடம் இருந்ததால் வெயிலில் காருக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு குதித்துக்கொண்டு நின்றோம் என்பது வேறு விஷயம். வில்லாவைக் கழுவித் துடைத்த செலவை, செந்தில் பல மாதம் பேனர் அடித்துக் கொடுத்துக் கழித்தார்.

குறிஞ்சிப்பாடியில் இப்போது சின்னதாக வீடு கட்டிவிட்டோம். சாலையிலிருந்து நாலு படி உயரம், இரண்டு படுக்கையறை, நீச்சல் குளம் கிடையாது. வாசல் பக்கத்து அறை அத்தையுடையது. பித்தளைப் பானையைத் திருப்பிக் கொடுக்க வந்ததில் பழக்கமாகிவிட்ட மங்கலம்பேட்டைக்காரர் புதுமனைப் புகுவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்து, பால் பொங்கியதும், "எங்க வாரம் எதுங்க?" என்று கேட்டாரே பார்க்கலாம், கூட்டம் சிரித்து ஓய நேரமாயிற்று. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாத்ரூமில் யாராவது அதிக நேரம் இருந்தால்கூட, "உன் வாரம் முடிஞ்சிடுச்சு, வெளிய வா" என்றுதான் கதவைத் தட்டுவோம்.

ஆனால் மாதக் கடைசி வந்தால் எனக்கு இன்னமும் பயம்தான். குமராட்சியிலிருந்து பெரியவர் போன் செய்வார். "எம்மா, எங்க மொற வந்துடுச்சே. எப்ப வரீங்க?" நான் அடுப்படியில் கரண்டியை அசைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்து நிற்பேன்.

அத்தை நிதானமாகச் சொல்வார். "இப்ப முடியாதுப்பா, சீசன் டைம். அடுத்த வருசத்துக்கு வேணா முன்கூட்டியே புக் பண்ணி வையி." போனை வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்புவார். "இன்னாம்மா கலா, ஒட்டுக்கேட்டது போதும். கொழம்பு அடிபுடிக்குது பாரு."

பிடித்துத்தான் இருக்கும்.