வருஷம் பூரா புரட்டாசி

என் மனைவி வள்ளிக்கண்ணுவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம் என்னைக் கைகாட்டி, "இவரு பெருமாள் பேரச் சொல்லியே பொய் சொன்னவரு" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். நான் டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் இல்லை.

அந்தப் பொய் இதுதான்.

துவாக்குடியில் ஒரு நர்சரி வாசலில் பூமருதைப் பார்த்தேன். மரம் முழுக்கக் கத்திரிப்பூ நிறம்! இலையைத் தேடத்தான் வேண்டும். எங்கள் காட்டூர் வெயிலைத் தாங்குமா என்று கேட்டேன். "வெயில், வறட்சி, உங்க தெரு ஆடு, எல்லாத்தையும் தாங்கும் சார்" என்றார் நர்சரிக்காரர். கன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு துள்ளியதில்லை.

எங்கள் வீட்டில் மண் தெரிகிற இடம் வாசல் ஓரம் மட்டுமே. அங்கே முருங்கைக் கொம்பு நட வள்ளிக்கண்ணு குழி தோண்டி வைத்திருந்தாள். நான் கன்றோடு குழிக்குள் இறங்கி நின்றேன்.

"இது காய்க்குமா?"

"பூக்கும்."

"பூவ சமைக்கலாமா?"

"பார்த்து ரசிக்கலாம்."

"ரசிச்சா வயிறு ரொம்புமா? குழிய விட்டு ஏறுங்க."

அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "இது பெருமாள் மரம்டி! ஸ்ரீரங்கத்துல ஒரு பெரியவர் சொன்னாரு."

உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கன்றை வாங்கித் தானே நட்டாள். எனக்குள் பட்டாசு வெடித்தது.

ஞாயிற்றுக்கிழமை பையை எடுத்தேன்.

"எங்கங்க கிளம்பிட்டீங்க?"

"மட்டன் வாங்க."

"பெருமாள் மரம் நிக்குற வீட்டுலயா? புரட்டாசியில கறி தொடுவோமா?"

"இது வைகாசி மாசம்டி!"

"மாசம் போயிரும். மரம் அங்கயேதானே நிக்கும்? இனிமே நமக்கு வருஷம் பூரா புரட்டாசி."

பக்கத்து வீட்டு லூர்துவிடம் ஓடினேன். அவன் வீட்டுக் கறிக்குழம்பு தெருமுனைவரை மணத்தது.

"அண்ணி வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்கண்ணே. உங்க சாமி குத்தம் எனக்கெதுக்கு? உக்காருங்க, ரசம் இருக்கு."

நாக்கு செத்துப்போய் அடுத்த திட்டம் போட்டேன்.

"வள்ளி, அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தேன். இது பெருமாள் மரமே இல்லையாம்."

"அப்படியா?" அரிவாளோடு வந்தாள். "நல்லதாப் போச்சு. முருங்கைக் கொம்பு இன்னும் காயாமத்தான் கெடக்கு."

கன்றைப் பார்த்தேன். நகம் அளவுக்குச் சிவப்பாக ஒரு துளிர். அன்றுதான் விட்டிருந்தது.

"இரு, இரு! அவரு வேற ஏதோ மரத்தைச் சொன்னாரு போல."

"நானும் அதான் நெனச்சேன்" என்று அரிவாளைச் செருகிவிட்டு, பூசணிக்காய் நறுக்கப் போனாள்.

சில கோடைகள் கழித்து ஒரு காலையில் மரம் பூத்தது. தெருவே நின்று செல்போனில் படம் பிடித்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தேன். வள்ளிக்கண்ணுவுக்கும் வாயெல்லாம் பல். இதுதான் சமயம் என்று கேட்டேன்.

"பூத்திருச்சே, இன்னிக்காவது ஒரே ஒரு எலும்பு?"

"இந்தக் கன்னு வாங்குறதுக்கு முந்தியே உங்க ரத்தத்துல கொழுப்பு ஏறிக் கெடந்துச்சுங்க. கறிய நிறுத்துங்கன்னு டாக்டர் எங்கிட்டதான் சொன்னாரு. நான் சொன்னா கேப்பீங்களா? என்ன பண்றதுன்னு முழிச்சேன். நீங்களே பெருமாளக் கூட்டிக்கிட்டு வந்தீங்க!"

"அப்ப முருங்கை?"

"அதான் மார்க்கெட்ல கட்டுக்கட்டா விக்குதே."

அவள் போனபின் மரம் மாடியைத் தாண்டிவிட்டது. போன மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு அளவாக இருக்கிறது.