நட்டநடுவில் நிறுத்தியவன்

என்னைவிட மோசமாகக் கார் நிறுத்துகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து யாரும் சாவியைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. என்னிடமிருந்து மட்டும் பிடுங்கப்பட்டது. பிடுங்கியவள் என் மனைவி.

எங்கள் வாசல் கதவுக்குப் பக்கத்தில், பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு மரப்பலகை உண்டு. அதில் நான்கு ஆணிகள். முதல் ஆணி என்னுடையது. பதினோரு வருடமாக அதில் கார் சாவி தொங்கியது. மூன்றாவது ஆணியில் அவளுடைய அளவு டேப் தொங்கும். அவள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கிறாள். நான் மூன்றாவது தடவையாகச் சுவரில் உரசிய அன்று, கார் சாவி டேப்போடு போய்ச் சேர்ந்துவிட்டது. காலியான என் ஆணியில் ஒரு குடையை மாட்டினாள். மழையே இல்லாத மாதத்தில்.

உரசியது என் குற்றமா? நீங்களே சொல்லுங்கள். இந்தக் குடியிருப்புக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கீழ்த்தளத்தில் மற்ற எல்லோருக்கும் வெள்ளைக் கோடு போட்ட இடம் கிடைத்தது. எங்களுக்குக் கிடைத்தது பழைய சாமான் அறை. கதவைக் கழற்றி எடுத்துவிட்டு, மேலே எங்கள் வீட்டு எண்ணை எழுதிவிட்டார்கள். இடது பக்கம் சுவர், வலது பக்கம் சுவர், பின்னால் சுவர். ஒட்டினாற்போல் பக்கத்தில் குப்பை அறை; அதற்குக்கூடப் பூட்டும் வீட்டுக்கொரு சாவியும் உண்டு. எங்கள் இடத்தில் காரை நுழைப்பதற்குப் பதிலாக ஊசியில் கயிற்றைக் கோத்துவிடலாம்.

என் மனைவி நுழைப்பாள். அதுதான் எரிச்சல். உள்ளே போகும் முன் என்னைப் பைகளோடு வெளியே இறக்கிவிடுவாள். பக்கக் கண்ணாடிகளை மடக்குவாள். காரைப் பின்பக்கமாகக் கொண்டுபோய், தான் உட்காராத பக்கத்துச் சுவரை ஒட்டி, ஒரு தபால் அட்டைகூட நுழையாத இடைவெளியில் நிறுத்துவாள். மறுபக்கம் ஒரு முழம் சும்மா கிடக்கும். பார்க்கவே எனக்கு உடம்பு கூசும். நான் ஓர் அச்சகத்தில் பக்கம் அமைக்கிறவன். இடது ஓரம் ஒரு அளவு, வலது ஓரம் ஒரு அளவு என்று ஒரு தாள் அச்சாகி வந்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

"நடுவுல நிறுத்தக் கூடாதா?" என்று கேட்டேன்.

"வண்டி நிக்குதுல்ல?" என்றாள்.

ரசனை இல்லாதவளிடம் பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன். ஆனால் ஆணியில் தொங்கிய குடையை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வயிறு எரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அச்சகத்து பைண்டர் தன் போனில் ஒரு விளையாட்டைக் காட்டினார். அதில் சுடுவது கிடையாது, குதிப்பது கிடையாது, யாரும் யாரையும் துரத்துவது கிடையாது. ஒரு காரை ஆமை வேகத்தில் பின்னால் கொண்டுபோய் மஞ்சள் கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். இது ஒரு விளையாட்டா என்று சிரித்தேன். சிரித்த வாயோடு இரண்டு தடவை, கட்டத்தைச் சுற்றி நிறுத்தியிருந்த ஆரஞ்சுக் கூம்பில் இடித்தேன். மூன்றாவது தடவை சிரிப்பு நின்றுவிட்டது.

அதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பெரிதாகத் தோற்றால் மனிதன் விட்டுவிட்டுப் போய்விடுவான். இந்த விளையாட்டில் யாரும் பெரிதாகத் தோற்பதில்லை. மயிரிழையில்தான் தோற்கிறார்கள். எல்லாம் முடிந்து, கட்டத்துக்குள் மூன்று சக்கரம் வந்து, நான்காவது சக்கரம் வரும்போது பின் முனை ஒரு கூம்பை லேசாகத் தொடும். தொடும் என்றுகூடச் சொல்ல முடியாது, நலம் விசாரிக்கும். உடனே திரை சிவந்து, 'மீண்டும் முயலவும்' என்று வரும். முயலாமல் இருக்க நான் என்ன கல்லா?

நாற்பத்தோராவது நிலையில் மாட்டிக்கொண்டேன். இரண்டு எண்ணெய் லாரிகளுக்கு நடுவில், சரியாக நடுவில், நிறுத்த வேண்டும். ஓரமாக நின்றால் ஒரு நட்சத்திரம், நட்டநடுவில் நின்றால் மூன்று. அறுபத்துமூன்று தடவை தோற்றேன். நான் லாரியைத் தொடவே இல்லை, லாரிதான் என்னைத் தொட்டது என்று அந்தக் கம்பெனிக்கு ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். பதிலுக்குச் சிரிக்கிற ஒரு மஞ்சள் மூஞ்சியை அனுப்பினார்கள். என் வயதுக்காவது மரியாதை கொடுத்திருக்கலாம்.

பேருந்தில் விளையாடி இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனேன். ஒரு நாள் சாப்பிடும்போது மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, தட்ட எதுக்கு அப்படித் திருப்பறீங்க?"

"ரிவர்ஸ் எடுக்கறேன்."

அவள் குழம்புக் கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

ஒரு வியாழக்கிழமை, அச்சக மாடிப்படியில் உட்கார்ந்து நாற்பத்தொன்றைத் தாண்டினேன். மூன்று நட்சத்திரம். கண் கலங்கியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போதே முடிவு செய்தேன்: எண்ணெய் லாரிகளுக்கு நடுவில் நிறுத்தியவனுக்குச் சாமான் அறை எம்மாத்திரம்? என் சாவி என் ஆணிக்கு வந்தாக வேண்டும்.

சும்மா வாயால் சொன்னால் எடுபடாது என்று, ஓர் ஒப்பந்தமே தயாரித்து அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். நல்ல தாள், நான்கு ஓரமும் சமம். ஞாயிற்றுக்கிழமை காலை நான் காரைப் பின்பக்கமாக உள்ளே விட்டு, எதிலும் படாமல், இரண்டு சுவருக்கும் சரியாக நடுவில் நிறுத்துவேன். நிறுத்தினால் சாவி நிரந்தரமாக என் ஆணியில். தவறினால் சாவி என்ற பேச்சையே எடுக்க மாட்டேன்; போதாததற்கு, இதுவரை அவள் செய்துவந்த குப்பை கொண்டுபோய்ப் போடும் வேலையையும் தினமும் நானே செய்வேன். என் நேர்மையைக் காட்ட, விளையாட்டில் உள்ள கடுமையான விதியையும் சேர்த்திருந்தேன்: எஞ்சினை அணைத்த பிறகு வண்டியை நகர்த்தினால் தோல்வி.

மனைவி இரண்டு தடவை படித்தாள்.

"அணைச்ச பிறகு எவ்வளவு நேரம் நகர்த்தக் கூடாது?"

"எப்பவுமே கூடாது. வச்சது வச்சதுதான்."

"அப்ப அதையும் எழுதிடுங்க."

'எக்காரணம் கொண்டும்' என்று பேனாவால் சேர்த்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். அவளும் போட்டாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாளே என்று கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் கீழ்த்தளத்தில் டேப்பை வைத்துக்கொண்டு எங்கள் இடத்தைக் குறுக்கே அளப்பதைப் பார்த்தேன். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். மேலே வந்தவள் அதே டேப்பை என் இடுப்பைச் சுற்றிப் போட்டாள்.

"வயித்த உள்ள இழுக்காதீங்க. இருக்கிறபடி நில்லுங்க."

"எதுக்கு?"

"புதுப் பேன்ட் தைக்கலாம்னு."

தோற்கப்போகிறவள் இப்படி அன்பாக இருந்தால் யாருக்குத்தான் மனம் இளகாது?

ஞாயிறு காலை பத்து மணி. நடுவர், எதிர்வீட்டுப் பல் டாக்டர். மனைவி, துணி அளக்கும் நீளமான மரக்கோலோடு வந்து நின்றாள். அதை எதற்குக் கொண்டுவந்தாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நாற்பத்தோராவது நிலையைத் தாண்டியவன் சில்லறை விஷயங்களைக் கேட்பதில்லை.

கண்ணாடிகளை மடக்கினேன். ரிவர்ஸ் போட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை முன்னால், ஒரு தடவை பின்னால், ஸ்டீயரிங்கை ஒரு சுற்று, அரைச் சுற்று. இடது சுவர் நகர்ந்து வந்தது, வலது சுவர் நகர்ந்து வந்தது, எதுவும் என்னைத் தொடவில்லை. எஞ்சினை அணைத்தேன். டாக்டர் டார்ச் அடித்து இரண்டு பக்கமும் அளந்தார்.

"இந்தப் பக்கம் ஒம்போது இஞ்ச். அந்தப் பக்கமும் ஒம்போது இஞ்ச். சார், அபாரம்."

அந்தக் கீழ்த்தளத்தில் ஒரு நிமிடம் நான் ராஜாவாக இருந்தேன். கம்பீரமாக இறங்கலாம் என்று கதவைத் திறந்தேன். டக் என்று சுவரில் முட்டி நின்றது.

"இன்னும் கொஞ்சம் திறங்க," என்றார் டாக்டர், தொழில் பழக்கத்தில்.

திறக்கவில்லை. மறுபக்கக் கதவுக்குத் தாவினேன். அங்கேயும் டக். பின்சீட்டுக்குத் தவழ்ந்து போய் அந்த இரண்டையும் பார்த்தேன். நான்கு கதவும் ஒரே அளவுக்குத் திறந்தன. காலை விட்டுப் பார்த்தேன், கால் போனது. காலுக்கு மேற்பட்டது எதுவும் போகவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பத்தொரு நிலை விளையாடியிருக்கிறேன். ஒன்றிலாவது ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்கினாரா? அந்தக் கார்களுக்குக் கதவு உண்டா என்பதே சந்தேகம். நட்டநடுவில் நிறுத்து, நட்டநடுவில் நிறுத்து என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தவர்கள், நிறுத்திய பிறகு மனிதன் வீட்டுக்குப் போக வேண்டாமா என்று யோசித்தார்களா? இவர்களுக்கெல்லாம் குடும்பம் இல்லையா?

நான் கொதித்துக்கொண்டிருக்கும்போது, இடைவெளி வழியாக மரக்கோல் நீண்டு வந்து என் ஜன்னலில் நின்றது. மறுமுனையில் மனைவி.

"ஜெயிச்சுட்டீங்க. பேச்சு பேச்சுதான். சாவியக் குடுங்க, உங்க ஆணியில மாட்டிட்டு வரேன்."

அந்த வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சாவியைக் கழற்றிக் கோலின் நுனியில் மாட்டினேன். கோல் பின்வாங்கியது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

"மாட்டிட்டேன். முதல் ஆணி. எப்ப வேணும்னாலும் வந்து எடுத்துக்கங்க."

டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டே நோயாளிகள் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை.

நானும் விடவில்லை. நகர்த்தினால்தானே தோல்வி? உட்கார்ந்திருந்தால் நான் ஜெயித்தவன். ஜெயித்தவனாகவே உட்கார்ந்திருந்தேன். ஆனால் பக்கத்தில் குப்பை அறை. ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் ஒழித்துச் சுத்தம் செய்கிற நாள். வாளியோடு வந்த ஒவ்வொருவரும் எட்டிப் பார்த்து, வெளியே கிளம்புகிறீர்களா என்று விசாரித்தார்கள். ஆமாம் என்றேன். அரைமணி நேரம் கழித்து இரண்டாவது வாளியோடு வந்தவர்கள், இன்னும் கிளம்பவில்லையா என்றார்கள். போனில் நாற்பத்திரண்டாவது நிலையைத் திறந்தேன். இரண்டு பக்கமும் சுவர் உள்ள அறைக்குள் நிறுத்த வேண்டுமாம். மூடிவிட்டேன்.

ஒரு மணிக்குக் கோல் மறுபடி வந்தது. நுனியில் ஒரு பையில் இரண்டு வாழைப்பழம். எடுத்துக்கொண்டேன். மானம் வேறு, பசி வேறு. அடுத்த தடவை ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் வந்தது. வெயிலுக்கு நல்லது, முழுதும் குடித்துவிடுங்கள் என்று அக்கறையாகச் சொன்னாள். முழுதும் குடித்தேன். அதைவிடப் பெரிய சதியை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

இரண்டேகால் மணிக்கு நானே கூப்பிட்டேன். வண்டியை நியூட்ரலில் போட்டுத் தள்ளச் சொல்லலாம், தள்ளுவது நகர்த்துவதில் சேராது என்று வாதாடினேன். அவள் ஒப்பந்தத்தை விரித்துக் காட்டினாள்.

"எக்காரணம் கொண்டும்னு உங்க கையெழுத்துலயே இருக்குங்க."

"காரணம் அவசரமான காரணம்."

"அதுவும் காரணந்தானே."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"உங்க இடுப்பு நாப்பத்திரெண்டு. எப்படி மடிச்சாலும் ஒம்போது இஞ்சுல போகாது. வியாழக்கிழமையே அளந்து பாத்துட்டேன்."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"நான் ஓரமா நிறுத்தினப்ப எதுக்குன்னு நீங்க ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா?"

இதற்குப் பதில் தேட நேரமில்லை. "சாவி," என்றேன். அவள் கையோடு கொண்டுவந்திருந்தாள்; கோலின் நுனியில் வந்தது. காரை வெளியே எடுத்தேன், அங்கேயே போட்டுவிட்டு மாடிப்படியில் ஓடினேன். அந்த ஓட்டத்தைப் பற்றி விவரிக்க விரும்பவில்லை.

திரும்ப இறங்கி வந்து பார்த்தபோது கார் சாமான் அறைக்குள், ஒரு சுவரை ஒட்டி, கேவலமான கோணத்தில் நின்றது. நின்றதுதான் நின்றது, ஒரு கீறல் இல்லை. மனைவி மறுபக்கத்து ஒரு முழத்தில் சேலை கசங்காமல் நடந்து வெளியே வந்தாள். நான் அவள் பின்னால் போனேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பலகையைப் பார்த்தேன். கார் சாவி டேப்போடு தொங்கியது. என் ஆணியில் குடை இல்லை. எனக்காகத்தான் எடுத்திருக்கிறாள். என்ன இருந்தாலும் இத்தனை வருடம் கூட வாழ்ந்தவள்.

"ஜெயிச்ச மனுஷன் ஆணியில குடை தொங்கினா நல்லாவா இருக்கும்?" என்றாள் அவள். "ஒரு சாவிதான் தொங்கணும்."

தொங்குகிறது. அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு, ஒரு கையில் வாளியோடு, மறுகையால் நான் எடுத்துக்கொண்டு இறங்குவது குப்பை அறைச் சாவி.