நான் விடாத புகை

ஒரு மனைவி கடைக்குப் போய் ஷேவிங் பிளேடு வாங்கினால், அது கணவனுக்கு என்று உலகம் தானாகவே புரிந்துகொள்ளும். பனியன் வாங்கினாலும் அப்படித்தான். வழுக்கைக்குத் தடவும் எண்ணெய் வாங்கினால், "பாவம், அவருக்கு ரொம்பக் கொட்டுதா?" என்று விசாரிக்கக்கூடச் செய்யும். ஒரே ஒரு சாமானுக்கு மட்டும் இந்த நியாயம் செல்லாது. அந்தச் சாமானைத்தான் நான் அமெரிக்காவில், பிளானோ நகரில், பட்டப்பகலில், ஒரு சனிக்கிழமை வாங்கப் போனேன். ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

என் கணவர் பெயர் ஆரோக்கியராஜ். (சிரிக்க வேண்டாம். பெற்றவர்கள் நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள்.) கல்லூரியில் பிடித்த சிகரெட்டை டெக்சாஸ் வரை கொண்டுவந்தவர். எங்கள் மகள் ஜெனி பள்ளியில் நுரையீரல் பாடம் படித்துவிட்டு வந்து ஒரு வாரம் அவரோடு பேசவே இல்லை. அதில் பயந்துபோய் வேப்புக்கு மாறினார். பேனா மாதிரி ஒரு கருவி. உள்ளே நிக்கோட்டின் கலந்த திரவம் இருக்கும். பேட்டரி அதைச் சூடாக்க, வரும் ஆவியை இழுத்து விட வேண்டும். கேஸ் ஸ்டேஷனில் சூயிங்கத்துக்குப் பக்கத்தில் தொங்கிய மலிவான ஒன்றை வாங்கி வந்தார். அது ஒழுகியது. காரின் கப் ஹோல்டரில் ஒழுகியது. சட்டைப் பையில் ஒழுகியது. பூசைக்குப் போட்டுக்கொண்டு போகும் கோட்டில் ஒழுகி, கோயிலில் எங்கள் வரிசை முழுக்கத் தர்பூசணி மணத்தது.

"நல்லதா ஒண்ணு வாங்கிடலாம் ஸ்டெல்லா. நிக்கோட்டினைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, மொத்தமா quit பண்ணிடறேன்" என்றார். சந்தோஷப்பட்டேன். ஆனால் மனிதர் வாரக்கணக்கில் யூடியூபில் ரிவ்யூ பார்த்தார். வீடு வாங்கும்போதுகூட இவ்வளவு ஆராய்ச்சி நடக்கவில்லை. கடைசியில் நானே பொறுமை இழந்து, "கிளம்புங்க, இன்னைக்கே வாங்கறோம். ஒரு நல்ல குக்கர் விலைக்கு மேல போகக் கூடாது" என்று காரில் ஏற்றினேன்.

வேப் கடை, நாங்கள் வழக்கமாகக் கறிவேப்பிலை வாங்கும் இந்தியன் ஸ்டோருக்கு இரண்டு கடை தள்ளி இருந்தது. காரை நிறுத்திய பிறகு என் கணவர் சீட் பெல்ட்டைக் கழற்றவில்லை.

"நீயே உள்ள போய் வாங்கிட்டு வந்துடேன்."

"ஏன், உங்களுக்கு என்ன?"

"நம்ம ஆளுங்க யாராவது பார்த்துட்டா?"

"என்னைப் பார்த்தா பரவாயில்லையா?"

"உன்னை யாரும்மா சந்தேகப்படப் போறா?" என்றார், பெரிய பாராட்டு சொல்வதுபோல. (நானும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அதுதான் என் லட்சணம்.)

உள்ளே ஊதா நிறத்தில் விளக்கு எரிந்தது. கல்லாவில் தாடியும், கையெல்லாம் பச்சை குத்தலுமாக ஆறடிக்கு மேல் ஒரு மனிதர். பெயர் கைல். முதலில் லைசென்ஸ் கேட்டார். இருபத்தொரு வயது ஆகிவிட்டதா என்று பார்க்கவேண்டுமாம். எனக்கு நாற்பத்துநான்கு. அன்றைக்கு எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அது.

"அப்போ நீங்க அடுத்த லெவலுக்குத் தயார், இல்லையா மேம்?" என்றார் கைல்.

"எனக்கில்லை, என் கணவருக்கு."

"கண்டிப்பா, கண்டிப்பா" என்று கண்ணடித்தார். எனக்குச் சுருக்கென்றது.

அவர் முதலில் எடுத்து வைத்தது, தண்ணீர் மோட்டாருக்குச் சுவரில் மாட்டும் சுவிட்ச் பெட்டி மாதிரி இருந்தது. இரண்டு பேட்டரி, வண்ணத் திரை, பக்கவாட்டில் ஓடும் விளக்கு. விலையைப் பார்த்தேன். அந்தக் காசுக்குக் குக்கரோடு மிக்ஸியும் வாங்கலாம். "வேண்டாம். நடுத்தரமாகக் காட்டுங்கள்" என்றேன். மூன்றைப் பரப்பினார்.

நான் பிழைப்புக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்பவள். ஒரு பொருளைக் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் 'நல்ல பொருள்' என்று யாரும் சொல்லித் தப்ப முடியாது. திரவத்தை மேலேயிருந்து ஊற்றுவதா, கீழேயிருந்தா? படுக்கவைத்தால் ஒழுகுமா? சூடாக்கும் காயிலை மட்டும் தனியாக மாற்றலாமா, இல்லை மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டுமா? பையில் தெரியாமல் அழுந்தினால் தானாக எரியுமா? பாவம், கைல் பதில் சொல்லிச் சொல்லி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ஒன்று தேறியது. கைக்கடக்கமாக, மேலேயிருந்து ஊற்றும் வகை, காயில் மாற்றலாம், பூட்டு உண்டு, விலையும் என் குக்கருக்குள். ஆனால் அந்த ஊதா வெளிச்சத்தில், திரவம் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஜன்னல் எனக்குத் தெரியவில்லை.

"வெயிலில் பார்க்கணும்" என்றேன்.

கைல் கூடவே வாசலுக்கு வந்தார். நான் கருவியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ஒழுகல் வாசனை இருக்கிறதா என்று மூக்கருகே கொண்டுபோனேன். கிடைத்த இடைவெளியில் கைல் தன் சொந்தக் கருவியை ஓர் இழுப்பு இழுத்து விட்டார் பாருங்கள், திருவிழாவில் தூபம் போட்ட மாதிரி ஒரு மேகம். நான் அதற்குள் மறைந்தே போனேன்.

மேகம் கலைந்தபோது எதிரில் ரெஜினா ஆன்ட்டி நின்றுகொண்டிருந்தார். எங்கள் தமிழ் ஜெபக் குழுவின் தலைவி. ஒரு கையில் முருங்கைக்காய்.

"ஸ்டெல்லா... நல்லா இருக்கியாம்மா?"

"ஆன்ட்டி! இது எனக்கில்ல ஆன்ட்டி, அவருக்கு."

ஆன்ட்டி கைலை ஏற இறங்கப் பார்த்தார்.

"அய்யோ, இவருக்கில்ல! ராஜுக்கு. ராஜ் கார்லதான் இருக்கார், அதோ!"

திரும்பிக் காட்டினேன். காரில் யாரும் இல்லை. என் கணவர் ஆன்ட்டியைப் பார்த்த மறுகணமே சீட்டை முழுக்கச் சாய்த்து, மல்லாந்து படுத்து, மறைந்துபோயிருந்தார். முன் கண்ணாடியை மறைத்துக்கொண்டு சன் ஷேட் வேறு.

ஆன்ட்டி காலியான காரையும் என்னையும் பார்த்தார். "கவலைப்படாதம்மா" என்று என் கையை அழுத்திவிட்டுப் போனார். பயமாக இருந்தது.

பயம் வீண்போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் ஒருவர் வீட்டில் ஜெபமாலை. எல்லாரும் முழந்தாளிட்டிருந்தோம். மன்றாட்டு நேரம் வந்ததும் ரெஜினா ஆன்ட்டி தொண்டையைச் செருமினார்.

"புகைப் பழக்கத்துல சிக்கித் தவிக்கிற நம்ம சகோதரி ஒருத்திக்காக. பேர் வேண்டாம். அவ குடும்பத்துக்காகவும், பொறுமையா தாங்கிட்டிருக்கிற அவ கணவருக்காகவும், ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

முப்பது தலைகள் என் பக்கம் திரும்பின. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். அதில் ஓங்கி ஒலித்த குரல் என் பக்கத்திலிருந்து வந்தது. பொறுமையாகத் தாங்கிக்கொண்டிருந்த கணவர்.

காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். "ஏன் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லலை?"

"ஜெபத்துக்கு நடுவுல எப்படிச் சொல்றது?"

"முடிஞ்சப்புறம் அரை மணி நேரம் கட்லெட் தின்னீங்களே?"

"அதான் சொல்றேன், வாயில கட்லெட் இருந்துச்சு."

அதன் பிறகு நடந்ததையெல்லாம் எழுதினால் ரத்தக் கொதிப்பு ஏறும். பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஓர் ஆன்ட்டி என் உள்ளங்கையில் இஞ்சி மிட்டாயைத் திணிப்பார். "ஆபீஸ்ல ரொம்ப டென்ஷனாம்மா?" என்பார் இன்னொருவர். நான் சத்தியமாக எனக்குப் பழக்கம் கிடையாது என்றேன். குழுவில் இருக்கும் மனநல டாக்டர் அங்கிள் கனிவாகத் தலையாட்டி, "எல்லாரும் முதல்ல deny தான் பண்ணுவாங்க, அது normal" என்றார். மறுக்க மறுக்க என் வியாதி முற்றிக்கொண்டே போனது. உச்சமாக, ரெஜினா ஆன்ட்டி ஒரு தட்டு நிறைய மட்டன் பிரியாணி கொண்டுவந்து என் கணவர் கையில் கொடுத்து, "நீ சரியா சாப்பிடறியோ இல்லையோப்பா" என்றார். அந்த மனிதர் தலையைக் குனிந்து, சோகமாக வாங்கிக்கொண்டார்!

அன்றிரவு நான் ஜெனியிடம் குமுறினேன். பதினைந்து வயது. தமிழில் கேட்டு இங்கிலீஷில் பதில் சொல்பவள். "Mom, டாடியை expose பண்ணு" என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "But Mom, பிரியாணி was so good" என்றாள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் தேர்ந்தெடுத்த கருவி ஒரு சொட்டு ஒழுகவில்லை. சொன்னபடி என் கணவர் நிக்கோட்டினைக் குறைத்துக்கொண்டே வந்தார். எரிச்சலில் கதவை அறைந்த நாட்கள் உண்டு. கராஜில் தனியாக உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். சண்டையைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு காபி போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த வருடக் கடைசியில் அவரே கருவியைக் கொண்டுபோய் அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் போட்டுவிட்டு வந்தார்.

சந்தோஷத்தில் நான் ரெஜினா ஆன்ட்டியிடம் வாய்தவறி, "எங்க வீட்டுல இப்ப யாரும் வேப் பண்றதில்ல ஆன்ட்டி" என்று சொல்லித் தொலைத்தேன். ஆன்ட்டி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். விளைவு, கோயில் இளைஞர் கூட்டத்தில் நான் மீண்டு வந்த கதையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று முடிவானது. மறுத்துப் பார்த்தேன். என்னுடைய தாழ்ச்சியைப் பாராட்டினார்கள்.

மேடையில் ஏறினேன். எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்றுதான் போனேன். முதல் வரிசையில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, கைகளைக் கோத்துக்கொண்டு. கராஜில் பார்த்த அதே முகம். சொல்ல வாய் வரவில்லை.

ஒரு பெண் எழுந்து கேட்டாள். "ஆன்ட்டி, விடறது எவ்வளவு hard-ஆ இருந்துச்சு?"

பொய் சொல்ல எனக்கு வராது. "எனக்குக் கொஞ்சம்கூடக் கஷ்டமா இல்லம்மா" என்றேன்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. டாக்டர் அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில், பிடித்த எதையாவது விட்டு நோன்பிருப்பது எங்கள் வழக்கம். ஒவ்வொரு தவக்காலத் தொடக்கத்திலும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இந்த முறை யார் எதை விடப்போகிறோம் என்று பேசுவோம். என் கணவர் காபி என்பார், மூன்றாம் நாள் தவறுவார். ஜெனி போன் என்பாள், அன்று மாலையே தவறுவாள். என் முறை வருவதற்குள் இருவரும் ஒரே குரலில் சொல்லிவிடுவார்கள்: "அம்மா வேப்பிங்கை விடுவாங்க."

விட்டுவிடுகிறேன். வருடா வருடம், ஒரு நாள்கூடத் தவறாமல்.