பதினைந்தாவது பெயர் ஒச்சம்மாள்

உசிலம்பட்டியில் அண்ணன் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவி ஒச்சம்மாளுக்கு, மட்டாஞ்சேரி சிமெண்டுக் கடையிலிருந்து முத்துராமலிங்கம் எழுதிக்கொண்டது. இங்கே கடை நலம். அங்கே நீயும் மச்சானும் அவருடைய கறவை மாடும் நலமென்று நம்புகிறேன்.

களமசேரியில் காண்ட்ராக்ட் எடுத்த அரசாங்கக் கட்டட வேலையில் நான் செய்தது தப்புதான். சர்க்கார் நிர்ணயித்த கூலிக்குப் வேலையாட்கள் பதினான்கு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு நாளைக்கு ஆளுக்கு இருநூறு ரூபாய் குறைத்தே கொடுத்தேன். தொழிலாளர் அதிகாரி பாக்கியைக் கொடுக்கச் சொன்னபோதே கொடுத்திருக்கலாம். அந்த உத்தரவை மறுபரிசீலனை செய்யச் சொல்லி எர்ணாகுளம் கோர்ட்டுக்கு ஓடினேன். சர்க்காரிடமிருந்து ஒரு கூலி கூடக் கிடைக்குமே என்று, உன் பெயரையும் பதினைந்தாவது ஆளாக, சித்தாள் என்று பதிவேட்டில் எழுதிவைத்தது அப்போது நினைவில் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கமலாக்ஷி அதைக் கண்டுபிடித்து, "இந்த ஒச்சம்மாளைக் கூப்பிடுங்க" என்றார்.

நீ கூண்டில் ஏறினாய். ஜட்ஜ், "எந்தா ஜோலி? என்ன வேலை?" என்றார்.

"கட்டட வேலைக்கு நான் போகல சாரே. இந்த ஆளு வீட்டுலதான் இருபத்திரண்டு வருசமா வேல. ஒரு நாள் கூலி கையில பாத்ததில்ல."

கோர்ட்டே சிரித்தது, ஜட்ஜும் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். வாசலில் வந்து, "ஒரு வார்த்த என்னைக் கேட்டு எழுதுனீங்களா?" என்றாய். நானோ, "உன்னாலதான் கேஸ் போச்சு" என்றேன். நீ நேரே வைட்டிலா போய் பஸ் ஏறிவிட்டாய்.

பதினான்கு பேருக்கும் பாக்கியைக் கொடுத்தாச்சு. "அக்கா எங்க சேட்டா?" என்று மேஸ்திரி மாரிச்செல்வம் கேட்டான். சரக்கெடுக்கப் போயிருக்கிறாள் என்றேன். காலையில் கடையில் வாய் தானாக "ரெண்டு சாயா" என்கிறது. இரண்டையும் நானே குடித்து வயிறு எரிகிறது. நேற்று ஒருத்தன் பைப்புக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொன்னான். உடனே குறைத்தேன். அவன் பயந்துபோய், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். ஆமாம், சரியில்லைதான்.

மற்றபடி, உன் பெயர் பதிவேட்டில் இருப்பதால் உனக்கும் கூலி உண்டு. நேரில் வந்து கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்று கோர்ட் உத்தரவு. கோர்ட்டை அவமதிப்பது பெரிய குற்றம். திங்கட்கிழமைக்குள் வந்து சேரவும். மச்சானுக்கு வணக்கம், அவர் பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
முத்துராமலிங்கம்

பி.கு.: அப்படி ஒரு உத்தரவும் இல்ல. உன் பேரை ஜட்ஜே அடிச்சுட்டார். நீ ஒண்ணுக்கும் வர வேண்டாம். சனிக்கிழமை, வியாபார நாளுன்னு தெரியும், கடையச் சாத்திட்டு நானே வர்றேன். கதவை மட்டும் திறக்கச் சொல்லு.