பல் டாக்டரின் நண்டு வைத்தியம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. மிக்சி ஒன்றைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் நலம். அங்கே நீங்களும் என் மகளும், மிக்சியும் சேர்த்து, நலமாக இருக்க வேண்டுகிறேன். போனிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அத்தை பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்துகிறாள். கடிதத்தில்தான் ஒரு மனிதன் ஆரம்பித்ததை முடிக்க முடிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த உங்கள் அத்தை, சாப்பாட்டுத் தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். "இப்படியே சாப்பிடாம இருந்தாங்கன்னா திரும்பவும் இங்கதான் சேர்க்கணும்" என்று ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊரார் வாயைத் திறக்க வைத்தே குடும்பம் நடத்திய பல் டாக்டர் நான். வீட்டில் ஒரே ஒரு வாயைத் திறக்க வைக்க முடியவில்லை. நிஜமாகவே பயந்துவிட்டேன், மாப்பிள்ளை. அந்த நேரம் பார்த்துத்தான், உணவு ஆலோசகரான நீங்கள், "நண்டுச் சதை குடுங்க மாமா. புரதம் நிறைய, கொழுப்பு கம்மி. பி12 இருக்கு, துத்தநாகம் இருக்கு, செலினியம் இருக்கு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டீர்கள். எல்லாம் இருக்கிறது என்றீர்களே, எல்லாம் ஓட்டுக்குள் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா?

மறுநாள் காலை மீன் கடையில் போய் நின்றேன். "உயிரோட இருக்கு சார், பாருங்க" என்று கடைக்கார அம்மாள் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். "கடிக்குமா?" என்றேன். "கடிக்காது சார், கிள்ளும்" என்றாள். பல் இல்லாத ஒரு பிராணி என்னை என்ன செய்துவிடும் என்ற தொழில் திமிரில் வாங்கி வந்துவிட்டேன். பையைத் தொட்டியில் வைத்துவிட்டுப் பாத்திரம் தேடித் திரும்புவதற்குள், கூட்டத்தில் பெரியது பிரிட்ஜுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. நானும் விடவில்லை; பழைய பெட்டியிலிருந்து நெற்றி விளக்கையும் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு, தரையில் குப்புறப் படுத்துக் கண்ணாடியை உள்ளே நீட்டினேன், அது கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது, நான் இழுக்க, அது இழுக்க, பழக்க தோஷத்தில் "பயப்படாதீங்க, வலிக்காது, கொஞ்சம் நல்லாத் திறங்க" என்று சொல்லிவிட்டேன். உள்ளறையிலிருந்து உங்கள் அத்தை சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்புக்காக நண்டை மன்னித்துவிட்டு, பிறகு வேகவைத்தேன்.

வேகவைத்தாலும் அது மசிகிற ஆளில்லை. கடைசியில் பல் பிடுங்கும் குறட்டையும் சொத்தை பார்க்கும் கொக்கி ஊசியையும் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்து (அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்) வேலையில் இறங்கினேன். காலை முழுக்கக் குடைந்து ஒரு கிண்ணம் தேறியது. குப்பைக்குப் போகிற ஓட்டைப் பார்த்தால் வயிறு எரிந்தது. அதில் கால்சியம் இல்லாமலா இருக்கும் என்று மிக்சியில் போட்டேன். மிக்சி ஒரு சத்தம் போட்டது, பிறகு எந்தச் சத்தமும் போடவில்லை. "என்னங்க, அது மிக்சியா, இல்ல ரோடு போடுற மெஷினா?" என்று கத்திக்கொண்டே உங்கள் அத்தை யார் உதவியும் இல்லாமல் எழுந்து சமையலறைக்கு வந்து, என் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கி, என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கோபத்தைக் கண்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது கல்யாணமான இத்தனை வருஷத்தில் கிடையாது.

அன்று முதல் அதுவே ஏற்பாடாகிவிட்டது. நான் மேஜையில் உட்கார்ந்து பிரித்துத் தருவேன், அவள் எதிரே உட்கார்ந்து "அந்த மூட்டுல இன்னும் இருக்கு பாருங்க" என்று மேற்பார்வை பார்ப்பாள், பிறகு கிண்ணத்தோடு உள்ளே போய்ச் சமைத்து அங்கேயே சாப்பிட்டுவிடுவாள். "நீங்க வாயையே பாத்துக்கிட்டிருந்தா எனக்குத் தொண்டையில இறங்காது" என்கிறாள். நியாயம்தான், என் நோயாளிகள் எல்லோரும் சொன்னதுதான். கிண்ணம் திரும்பி வரும்போது ஒரு நார்கூட மிச்சமிருக்காது.

நான் நண்டைத் தொடுவதில்லை. இத்தனை கால் உள்ள எதையும் சாப்பிடுவதில்லை என்பது என் கொள்கை. எனக்குத் தனியாக உருளைக்கிழங்கு கட்லெட் செய்து தருகிறாள். உருளைக்கிழங்குக்கு இப்படி ஒரு ருசி உண்டென்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். லேசாக ஓர் இனிப்பு. பெல்ட் போட்டும் நழுவிக்கொண்டிருந்த பேண்ட் இப்போது பெல்ட்டே இல்லாமல் நிற்கிறது. முடிவெட்டுகிறவர்கூட "என்ன டாக்டர், முகத்துல ஒரு களை வந்திருக்கு" என்கிறார். உருளைக்கிழங்கில் அவ்வளவு சத்து உண்டா, அல்லது நண்டின் சத்து விரல் வழியாகவும் ஏறுமா என்பதைப் படித்தவர் நீங்கள்தான் விளக்க வேண்டும்.

போன வாரம் பரிசோதனைக்குப் போனோம். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்த பெரிய டாக்டர், "இனிமே இங்க வர வேண்டிய அவசியமே இல்லம்மா. அப்படி என்ன சார் குடுத்தீங்க?" என்று என்னைக் கேட்டார். "நண்டு" என்றேன். கம்பீரமாகத்தான் சொன்னேன், வராந்தாவுக்கு வந்ததும் அழுகை வந்துவிட்டது. ஆகவே மாப்பிள்ளை, உங்கள் ஆலோசனையைப் பற்றி நான் மனதுக்குள் திட்டியதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நண்டுச் சதையின் மகிமைக்கு உங்கள் அத்தையே சாட்சி என்று உங்களிடம் வருகிற எல்லோருக்கும் தாராளமாகச் சொல்லலாம். குறடு வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், பல்லும் சொல்லும் உறுதியாக, நீண்ட நாள் இருக்க என் ஆசிகள். உறையை ஒட்டித் தபாலில் சேர்ப்பதாக உங்கள் அத்தை கேட்டு வாங்கிக்கொள்வதால் இத்துடன் முடிக்கிறேன்.

அன்புடன்,
மாமா

பி.கு.: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுவது. ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். நான் இதுவரை ஒரு வாய் நண்டுகூடச் சாப்பிடவில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் இவர் டீயையும் பன்னையும் தின்றுவிட்டு, சாப்பிட்டாயிற்று என்று என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆள் பாதியாகிவிட்டார். அந்தக் கவலையில்தான் எனக்கு எதுவும் இறங்கவில்லை. அந்தக் கட்லெட்டில் உருளைக்கிழங்கு பேருக்குத்தான், மற்றதெல்லாம் நண்டு. நான் கதவைச் சாத்திக்கொண்டு முட்டையும் பருப்பும் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். வரும்போது ஒரு மிக்சி வாங்கி வாருங்கள். ஆனால் இவரிடம் மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு எனக்காக ஒவ்வொரு நண்டுக் காலாக இவர் குடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் எனக்குப் பசியே எடுக்கிறது.